பெயர் அழித்த இரண்டு பாட்டில்கள்

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் கணேசமூர்த்தியின் கடை இருந்தது. கடை என்றால் ஒரு ஷட்டர், உள்ளே இரண்டு பேர் நிற்க இடம், மற்றதெல்லாம் பெயின்ட் டப்பா. வண்டிகளுக்கு நம்பர் பிளேட், கடைகளுக்கு போர்டு, வக்கீல்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் கைக்குப் பழக்கம். ஓர் எழுத்து இம்மி சாய்ந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிற ஆள்.

மற்றபடி பயந்த சுபாவம். ஊசி என்றால் பயம், ஏரிக்கரையில் நிற்கப் பயம். எதிரே போலீஸ்காரர் வந்தால், தப்பு ஏதும் செய்யாமலே சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். கல்யாணமான புதிதில் சொர்ணம் கேட்டாளாம்: "ஏங்க, என்னையப் பாத்தாவது பயமில்லையே?" கொஞ்சம் இருக்கிறது என்றாராம். அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

1991-ல், மழைக்காலம் முடிகிற சமயம், சொர்ணத்தின் வயிறு உப்ப ஆரம்பித்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம். தெருப் பெண்கள் சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மழுப்பினாள். ஸ்கேன் எடுத்தபோது குழந்தை இல்லை. இடது சினைப்பையில் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது.

தொம்மலூர் போகிற வழியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே டாக்டர் நிருபமா வாரத்தில் இரண்டு நாள் ஆபரேஷன் செய்வார். மல்லேஸ்வரத்து மனுஷி, நிதானமாகப் பேசுகிறவர். "இடது பக்கம் சினைப்பையோட எடுத்துடறேன். வலது பக்கம் நன்னா இருக்கு, அதைத் தொட மாட்டேன். ஒண்ணு இருந்தாலே குழந்தை பெத்துக்கலாம்" என்றார். சொர்ணத்துக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவள் தலையாட்டினாள். கணேசமூர்த்தி அந்த அறையின் டெட்டால் வாசனை தாங்காமல் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

டிசம்பரில் ஆபரேஷன் நடந்தது. அதே காலையில் பிலோமினா டீச்சருக்கும் நடந்தது. அவருக்கு ஐம்பத்தாறு வயது. கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை எல்லாவற்றையும் எடுக்கிற ஆபரேஷன். அவர் கணவர் ஆம்ப்ரோஸ் ராணுவ கேண்டீனில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி தேய்ந்து போய் ஊன்றுகோலோடு வந்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு.

"வாட்ச்சைப் பாக்காத மேன்" என்றார் ஆம்ப்ரோஸ். "நீ பாக்கப் பாக்க அது நின்னுடும்."

"ரொம்ப நேரமாகுதுங்க."

"ஆகட்டும். சீக்கிரம் வெளியே வந்தாத்தான் பயப்படணும். தொறந்தாங்க, பாத்தாங்க, மூடிட்டாங்கன்னு அர்த்தம்."

இதைக் கேட்ட பிறகு கணேசமூர்த்தி, கதவு திறந்துவிடக் கூடாது என்றும் பயந்தார்.

திறந்தது. கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டது என்றார் நிருபமா. "ஆனா உள்சுவர்ல ஒரு இடத்துல பூ மாதிரி முளைச்சிருக்கு. அந்த இடத்தை வெட்டி லேபுக்கு அனுப்பறேன். பாத்துடலாம்." பிலோமினாவின் சினைப்பையிலும் ஒரு சின்னக் கட்டி இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று அதிலிருந்தும் ஒரு துண்டு வெட்டினார்.

அந்த மாதிரிச் சின்ன இடங்களில் திசுவைச் சோதிக்கிற டாக்டர் கிடையாது. வெட்டி எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டு, ஃபார்மலின் ஊற்றி மூடி, நோயாளியின் வீட்டார் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டார்தான் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். லேப் மல்லேஸ்வரத்தில் இருந்தது. பாட்டில்கள் இரண்டும் காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள். கிட்டத்தட்ட ஒரே அளவு சதை. அடையாளம், மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் நர்ஸ் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயரும் கணவர் பெயரும் வயதும் மட்டுமே.

மறுநாள் போகலாம் என்று நினைத்திருந்தார். மறுநாள் ஊர் பற்றிக்கொண்டது.

காவிரித் தண்ணீர் விவகாரம். பஸ் எரிகிறது என்றார்கள், தமிழ்நாட்டு வண்டியைக் கவிழ்க்கிறார்கள் என்றார்கள். எது உண்மை, எது வதந்தி என்று கணேசமூர்த்திக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கு வந்த கூட்டம். மளிகைக்கடைக்காரர், தையல்காரர், லாட்ஜ் மேனேஜர், எல்லோருக்கும் ஒரே வேலை: போர்டில் தமிழை அழிக்க வேண்டும். பெயின்ட் கரைக்கிற தின்னர் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து விரல் வெளுத்தது. தான் எழுதிய எழுத்துகளைத் தானே அழித்தார். கடைசியாக ஏணி போட்டு ஏறி, தன் கடை போர்டையும் அழித்தார்.

அப்போதும் அந்த இரண்டு பாட்டில்கள் நர்சிங் ஹோம் ஜன்னலில் இருந்தன. 'சீக்கிரம் கொடுத்துடுங்க' என்று நர்ஸ் பொதுவாகச் சொன்ன ஒரு வார்த்தை அவர் தலைக்குள் சுற்றியது. சதை கெட்டுப்போகும், கெட்டால் ரிசல்ட் தப்பாக வரும், தப்பாக வந்தால் சொர்ணம் செத்துப்போவாள். உண்மையில் ஃபார்மலினில் போட்ட திசு பல நாள் தாங்கும். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பக்கத்து பஞ்சர் கடை கோவிந்தப்பா தடுத்தார். "ஹோகபேட கணேஷா. போகாத. ஒனக்கென்ன தலை கெட்டுதா?"

"சொர்ணத்தோடது கெட்டுப்போயிடும் கோவிந்தப்பா."

"நீ போய்ச் சேர்ந்தா? அவளுக்கு யாரு இருக்கா?"

"கன்னடம் பேசிக்குவேன்."

"பேசுவே. நீ நடுங்குற நடுக்கத்துல எந்தப் பாஷையா இருந்தா என்ன?"

ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தினார்கள். கணேசமூர்த்தி சைக்கிளை எடுத்தார். நர்சிங் ஹோமில் ஆம்ப்ரோஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம டீச்சரோடதையும் எடுத்துட்டுப் போயிடு கணேசு, இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்" என்றார். ஒயர் கூடையில் இரண்டு பாட்டிலையும் வைத்து, மேலே ஒரு கன்னடப் பத்திரிகையை மூடினார்.

கண்டோன்மென்ட் தாண்டியதும் தூரத்தில் புகை தெரிந்தது. சைக்கிளை ஒரு மரத்தடியில் நிறுத்தினார். தன் மேல் தமிழ் எங்கே இருக்கிறது என்று யோசித்தார். பேச்சில் இல்லை. சட்டையில் இல்லை. பாட்டில்களில் இருந்தது: 'சொர்ணம், கணவர் கணேசமூர்த்தி.' இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் பெயர் பெயர்தானே. இரண்டு நாளாக ஊருக்கெல்லாம் அழித்த கை. சட்டைப்பையில் தின்னர் துணியும் இருந்தது. சொர்ணத்தின் பிளாஸ்திரியை உரித்தார். ஒன்றை மட்டும் உரித்தால் ஏன் என்று கேட்பார்களோ என்று மற்றதையும் உரித்தார். பசை போகத் துடைத்தார். பிளாஸ்திரிகளையும், பெயர் போட்டு நர்சிங் ஹோமில் கொடுத்த லேப் சீட்டுகளையும் சாக்கடையில் போட்டார். வலது கைப் பக்கம் சொர்ணம், இடது கைப் பக்கம் டீச்சர் என்று மனதில் சொல்லிக்கொண்டார். ஒரு பாட்டிலின் மூடியில் ஒரு பொட்டு வைத்திருந்தால் போதும். பெயின்ட்டில் பிழைக்கிறவருக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

ரயில்வே பாலத்துக்கு அருகே டயர் எரிந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு இளவட்டங்கள் வழிமறித்தார்கள்.

"ஏனது?" என்ன அது என்று ஒருவன் கூடையைப் பிடித்தான்.

"ஆஸ்பத்ரேது" என்றார். பெண்டாட்டிக்கு என்பதையும் கன்னடத்திலேயே சேர்த்தார். "ஹெண்டதி ஆபரேஷன்."

பத்திரிகையை விலக்கி ஒரு பாட்டிலை வெளியே எடுத்தான். இன்னொருவன் மற்றதை எடுத்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே வெளுத்த சதைத் துண்டு மெதுவாகப் புரண்டது. பிடித்திருந்தவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாட்டில் கை மாறியது, கூடைக்குள் திணித்தார்கள். "ஹோகு, ஹோகு!" என்று சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளியே விட்டார்கள். ஒருவன், "மெதுவாகப் போ அண்ணா" என்று கன்னடத்தில் சொன்னதுகூடக் காதில் விழுந்தது.

பெயரை யாரும் கேட்கவேயில்லை.

வெகுதூரம் மிதித்த பிறகுதான் கூடையைப் பார்த்தார். இரண்டு பாட்டில்கள். வலது எது, இடது எது?

லேபின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மூடுகிற அவசரத்தில் ஒரு பையன் பிளாஸ்திரியும் பேனாவும் நீட்டி, பெயரை எழுதிக் கொடுங்க என்றான். கணேசமூர்த்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது. ஒன்றைத் தொட்டு, இதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சொர்ணம் என்று எழுதினார். மற்றதில் பிலோமினா. அனுப்பியது நிருபமா டாக்டர் என்று வாயால் சொன்னார். வயது எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. எழுத்து மட்டும் அச்சு மாதிரி விழுந்தது.

ஊர் அடங்கி, கடைகள் திறந்து, கிறிஸ்துமஸ் நெருங்குகையில் ரிசல்ட் வந்தது. "உங்க ஒய்ஃபுக்கு ஒண்ணுமில்லை, சாதாரணக் கட்டி" என்றார் நிருபமா. "அந்தப் பூ மாதிரி இருந்ததைப் பாத்து நான் வேற ஏதோன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சு. இனிமே ஸ்கேன்கூட வேண்டாம்."

சொர்ணம் கோயிலுக்குப் போனாள். கணேசமூர்த்தி கடைக்குப் போனார், டாக்டர் சொன்னதே காதில் இருந்தது. வேற ஏதோன்னு நினைச்சேன். நம்பர் பிளேட்டில் மூன்றை எட்டாக எழுதினார்.

சில நாள் கழித்து ஆம்ப்ரோஸ் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார்.

"டீச்சருக்கு ஏதோ பார்டர்லைன் கட்டின்னு வந்திருக்கு மேன். கேன்சரான்னு கேட்டேன், இல்லைன்னாங்க. அப்ப சாதாரணமான்னு கேட்டேன், அதுவும் இல்லைன்னாங்க. எங்க மாமியார் பேசுற மாதிரியே பேசுறாங்க."

கணேசமூர்த்தி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "டாக்டர் என்ன செய்யணும்ங்கிறாங்க?"

"ஒண்ணும் வேணாமாம். எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே, வருஷத்துக்கு ஒருக்க வந்து காட்டுங்கன்னாங்க. ஆனா நம்ம பையன் ஓஸ்வால்ட் இருக்கானே, பம்பாய்ல, அவன் அங்க ஒரு டாக்டரைப் பிடிச்சு, கேன்சர் மருந்து ஏத்தியே ஆகணும்ங்கிறான். நியூ இயர் முடிஞ்சதும் அட்மிஷன். முடியெல்லாம் கொட்டிடுமாம்." ஆம்ப்ரோஸ் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பினார். "காலையில பாத்தேன், கண்ணாடி முன்னால நின்னு தலையைத் தடவிக்கிட்டு இருக்கா."

அவர் போன பிறகு கணேசமூர்த்தி கடைக்குள்ளேயே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னால் சொர்ணத்தை மறுபடி மேஜையில் படுக்க வைப்பார்கள். இருக்கிற ஒரு சினைப்பையையும், கர்ப்பப்பையையும் எடுப்பார்கள். குழந்தை கிடையாது. சொல்லாவிட்டால் அந்த ஒன்றில் அது வளரும், யாரும் பார்க்க மாட்டார்கள். நடுவில் டீச்சரின் உடம்பில் விஷம் ஏறும்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார். சொர்ணம் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தையல் இன்னும் இழுக்கும்.

"ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"அப்ப திட்டுற விஷயந்தான். சொல்லுங்க."

சொன்னார். மரத்தடி, தின்னர், பாலம், பேனா எல்லாம் சொன்னார். அவள் கை நிற்கவில்லை. முடிந்ததும் கேட்டாள்: "எது என்னுதுன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

"தெரியாமயே எழுதிக் குடுத்துட்டீங்க."

"ம்."

"கோணாம எழுதினீங்களா?"

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"ஊரான் போர்டெல்லாம் நூல் புடிச்ச மாதிரி எழுதுறீங்க. பொண்டாட்டி பேரை எதுல எழுதுறதுன்னு மட்டும் தெரியல. இத்தன நாளா இதையா முழுங்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

"எல்லாத்தையும் எடுத்துடுவாங்க சொர்ணா. கொழந்தை..."

"அது என் வயிறு. நான் பாத்துக்கறேன். மொதல்ல ஆம்ப்ரோஸ் அண்ணன் வீட்டுக்குப் போய், அந்த மருந்து வேணாம்னு சொல்லுங்க. இப்பவே."

"அடிப்பாரு."

"அடிக்கட்டும். வாங்கிக்கிட்டு வாங்க."

ஆம்ப்ரோஸ் அடிக்கவில்லை. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். கணேசமூர்த்திக்கு அடியே தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை இருவரும் போனார்கள். நிருபமா முழுவதையும் கேட்டார். மேஜைக் கண்ணாடியை நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"லேப்ல ஏன் சொல்லலை?"

"பயம் டாக்டர்."

"யாரைப் பாத்து?"

நிருபமா பெருமூச்சு விட்டார். "உங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. கட்டியை முழுசா அனுப்பியிருக்கணும். பாட்டில்ல போகலைன்னு ஒரு துண்டை அனுப்பிச்சது நான். மிச்சத்தை அன்னிக்கே எரிச்சாச்சு." ஃபோனை எடுத்து லேபைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, இருவரையும் அங்கே அனுப்பினார்.

லேபின் டாக்டர் கஸ்தூரிரங்கன் வயதானவர். கணேசமூர்த்தியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீர்தானா அது? எழுத்து பிரமாதம் ஓய். அதனாலதான் ஏமாந்தேன். டாக்டர்கள் கிறுக்கி அனுப்பினா ரெண்டு தடவை ஃபோன் பண்ணிக் கேட்போம். உம்ம எழுத்தைப் பாத்து யாருக்கு சந்தேகம் வரும்? வயசை எழுதியிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன்."

சொர்ணம் கேட்டாள்: "இப்பக் கண்டுபிடிக்க முடியுமாங்க?"

"கட்டியை மட்டும் பாத்தா முடியாதும்மா. ஓரத்துல கொஞ்சம் நல்ல சினைப்பை ஒட்டிண்டிருக்கணும். இருந்தா முடியும்."

கண்ணாடித் தகடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்து மெதுவாக நகர்த்தினார். முதல் தகடு, சாதாரணக் கட்டி என்று வந்தது. கஸ்தூரிரங்கன் அதன் ஓரத்தை வெகுநேரம் தேடினார். தழும்புகள்தான், வேறொன்றுமில்லை என்றார். இரண்டாவது தகட்டை வைத்தார். அது பார்டர்லைன். நகர்த்திக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சொர்ணத்தைப் பார்க்கச் சொன்னார்.

அவள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பில், ஓரமாக, சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு புள்ளி.

"அதெல்லாம் முட்டை. பொம்பளைக்கு மாசம் நின்னு நாலஞ்சு வருஷமானா இவ்வளவு இருக்காது. டீச்சருக்கு ஐம்பத்தாறு வயசுன்னு சொல்றா. இது சின்னப் பொண்ணோடதும்மா."

சொர்ணம் கண்ணை எடுக்கவில்லை. தன் உடம்பிலிருந்து வெட்டிய ஒன்றில், பிறக்காமல் போனவற்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே நிருபமா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். இது புற்றுநோய் மாதிரி தோண்டிக்கொண்டு உள்ளே போவதில்லை. மெதுவாக வளரும். மருந்து ஏற்றிப் பலன் இல்லை. மறுபடி திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். இல்லையென்றால் வலது சினைப்பையை விட்டுவைத்து, விடாமல் ஸ்கேன் பார்க்கலாம். விட்டுவைத்தால் அதில் திரும்ப வருகிற வாய்ப்பு நிச்சயமாக அதிகம். ஆனால் வந்த பிறகு எடுத்தாலும், பெரும்பாலானவர்கள் பிழைத்துத்தான் இருக்கிறார்கள்.

"பெரும்பாலானவங்கன்னா?" என்றார் கணேசமூர்த்தி.

"எல்லாரும்னு சொல்ல மாட்டேன்."

"எடுத்துடுங்க டாக்டர். உசுரு இருந்தாப் போதும். கொழந்தையெல்லாம் வேணாம்."

சொர்ணம் அவர் பக்கம் திரும்பினாள். "ஒங்களைக் கேட்டாங்களா?" டாக்டரிடம் சொன்னாள்: "விட்டு வெய்யுங்க. ஒரு கொழந்தை பெத்துக்கறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"வந்துடுச்சுன்னா?" என்றார் அவர்.

"வந்தா எடுத்துக்கட்டும். வராத முன்னாடியே ஏன் குடுக்கணும்?"

அவள் பயப்படவில்லை என்று அர்த்தமில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் விரல்கள் அவர் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தன. முடிவு எடுத்தது அவள். அதன் பிறகு பயப்படுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ஆம்ப்ரோஸ் கடைக்கு வந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். "டீச்சருக்கு முடி இருக்கு. அதனால உன் மண்டை இன்னும் முழுசா இருக்கு. தெரிஞ்சுக்கோ." பிறகு, "சொர்ணத்துக்கு எப்படி?" என்று கேட்டார். கணேசமூர்த்தி பிரஷ்ஷைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார். ஆம்ப்ரோஸ் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

1993 கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தீபிகா என்று பெயர். அதற்கு முன்னும் பின்னும் ஸ்கேன். ஸ்கேன் அறைக்குள் சொர்ணம் தனியாகப் போவாள். வெளியே கணேசமூர்த்தி நிற்பார், உட்கார மாட்டார். தேதிக்கு ஒரு வாரம் முன்பே அவருக்கு வயிறு கெட்டுவிடும். அந்த வாரத்தில் போர்டு எழுத ஒப்புக்கொள்ள மாட்டார். "ஒங்களுக்குத்தான் ஸ்கேன் எடுக்கணும்" என்பாள் சொர்ணம். ஒன்றுமில்லை என்று வந்ததும் மார்க்கெட்டில் மல்லிகை வாங்குவார், தேவைக்கு மேலேயே வாங்குவார். மறு வாரமே அடுத்த தேதியை நினைக்கத் தொடங்குவார். அப்படியே வருஷங்கள் போயின. சொர்ணம் தையல் மெஷின் வாங்கினாள். குழந்தை பள்ளிக்கூடம் போனது. நர்சிங் ஹோம் மூடப்பட்டது. நிருபமா ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இவர்களும் அங்கே போனார்கள்.

2001-ல் வந்தது. வலது பக்கம், எலுமிச்சை அளவு. நிருபமா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது சொர்ணம், "சரி" என்றாள். கணேசமூர்த்தி அங்கேயே வாந்தி எடுத்தார்.

இந்த முறை கையில் பாட்டில் கொடுக்கவில்லை. ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து அறையில் கட்டியை உறைய வைத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள். சீக்கிரத்தில் சொல்கிற பதில், முழுசாக நம்ப முடியாது, பாக்கி ஒரு வாரத்தில் தெரியும் என்று ஒரு இளம் டாக்டர் வந்து விளக்கினார். அதே ரகம்தான் என்றார். வலது சினைப்பை, கர்ப்பப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வில் ஒரு பகுதி எல்லாம் எடுத்தார்கள். கணேசமூர்த்தி அந்த ஒரு வாரமும் வேறு எதுவும் பேசவில்லை. பரவியிருக்குமா என்று மட்டும் எதிரே வந்த நர்ஸ், வார்டு ஆயா, லிஃப்ட் ஆள் எல்லோரிடமும் கேட்டார். பரவவில்லை.

சொர்ணம் படுக்கையில் இருந்தபடி நிருபமாவிடம் கேட்டாள்: "இனிமே எடுக்கறதுக்கு உள்ள ஏதாவது பாக்கி இருக்குதா டாக்டர்?"

"இல்லம்மா. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை வரணும். இது ரொம்ப லேட்டாக்கூடத் திரும்பி வரும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நிருபமா சொல்லாமல் இருந்திருக்கலாம். கணேசமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டார். சினைப்பையே இல்லாத இடத்தில் எப்படி வரும் என்று மகள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்பாள். வயிற்றுச் சுவரில் வரலாமாம் என்பார். தானே விசாரித்துத் தெரிந்துகொண்டது. சினைப்பைகள் போனதால் முப்பத்து நான்கு வயதிலேயே உடம்பு சூடேறி வியர்த்து உட்கார்ந்திருக்கும் சொர்ணத்துக்கு விசிறிக்கொண்டே, "வலிக்குதா? எங்கியாவது வலிக்குதா?" என்பார். "நீங்க கேக்கறதுதான் வலிக்குது" என்பாள்.

2008 ஜூலையில், தொம்மலூரில் ஒரு கம்பெனி வாசலில் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். நெஞ்சை அழுத்துகிறது என்று ஏணியிலிருந்து இறங்கினார். கோவிந்தப்பா ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் அடுத்த மாத ஸ்கேன் தேதியைச் சொல்லி, ஞாபகப்படுத்தச் சொன்னாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. தன் நெஞ்சை நினைத்து அவர் ஒரு நாளும் பயந்ததில்லை.

ஆகஸ்டில் சொர்ணம் மகளோடு ஸ்கேனுக்குப் போனாள். வெளியே தனக்குத் துணையாக நிற்க ஆளில்லாததால் தீபிகாவும் உள்ளே வந்தாள். சொர்ணம் மேஜையில் படுத்தாள். வயிற்றில் ஜில்லென்று அந்தப் பசையைத் தடவினார்கள். அவள் முழங்கால்கள் உதற ஆரம்பித்தன. கையால் அமுக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை.

"ஏசி குளிருதாம்மா?" என்றாள் ஸ்கேன் டாக்டர்.

"இல்ல. பயமா இருக்கு."

"எத்தனை வருஷமா வரீங்க! இப்பப் போய்ப் பயமா?"

"இவ்ளோ நாளா அவரு பயந்துக்கிட்டு இருந்தாருங்க" என்றாள் சொர்ணம்.

டாக்டர் திரையைப் பார்த்தாள். தீபிகா அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கருவி வயிற்றின் மேல் மெதுவாக நகர்ந்தது, ஓர் இடத்தில் நின்றது, மறுபடி நகர்ந்தது. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி முடித்த பிறகும் கால் வெகுநேரம் உதறிக்கொண்டிருந்தது.